அனுமதியற்ற நபரின் தினசரி அறிக்கை

"உனக்கு ஒண்ணும் தெரியாதுல்ல?" என்று அவர் கேட்டார்.

அவர் பாதுகாப்புப் பிரிவின் தலைவர். ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் கோப்பு தூக்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். புது ஆட்களைக் கண்டால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான். விடை தெரிந்திருக்கும், எழுந்து நின்று சொல்ல வராது. அன்றைக்கும் வரவில்லை. தலையை ஆட்டினேன். அது ஆமாமா இல்லையா என்று எனக்கே தெரியாத ஓர் ஆட்டல்.

"பிரமாதம்!" என்றவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்த இயக்குநர் பக்கம் திரும்பினார். "சார், ஆறு மாசமா நாம தேடின ஆள் இதுதான். கேட்ட கேள்வியே புரியல பாருங்க."

"பத்தாவதாவது படிச்சிருக்கலாமே," என்றார் இயக்குநர்.

"ஐயோ வேணாம் சார். பத்தாவது படிச்சிருந்தா நமக்கு ஆகாது."

இப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது.

அந்த நிறுவனத்தின் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கம்பி போய்ச் சேராத தீவுகளுக்கும் மலைகளுக்கும், செயற்கைக்கோளோடு பேசுகிற ஒரு பெட்டியைக் கொடுத்திருந்தார்கள். மாடியில் ஒரு டிஷ்; அதிலிருந்து பெட்டிக்கு ஒரு வயர்; பெட்டியிலிருந்து கணினிக்கு இன்னொரு வயர். அந்த இரண்டாவது வயரை எடுத்துவிட்டுப் பெட்டிக்குள்ளேயே வைஃபை பொருத்திக் கொடுக்க வேண்டும். கண்டவர்களும் நுழைந்துவிடாத வைஃபையாக அது இருக்க வேண்டும். கண்டவர்கள் நுழைகிறார்களா என்று சோதித்துப் பார்க்க, முறைப்படி நியமிக்கப்பட்ட ஒரு கண்டவர் தேவைப்பட்டார். அது நான்.

என் அடையாள அட்டையில் புகைப்படமும் முத்திரையும் இருந்தன. பதவி என்ற இடத்தில் 'அனுமதியற்ற நபர்' என்று அச்சடித்திருந்தார்கள். எல்லா இடத்திலும் நுழைய முயல்வதுதான் என் வேலை என்பதால், அந்த அட்டைக்கு எல்லாக் கதவுகளும் திறந்தன. பெட்டிகளுக்குள் வைஃபை பொருத்துகிற பொறியாளருக்கோ சோதனை அறைக்குள் போக அனுமதி கிடையாது. பட்டியல் தட்டச்சு செய்தபோது அவர் பெயர் விட்டுப்போய்விட்டது. தினமும் காலையில் என் அட்டைக்காகக் கதவருகே காத்திருந்து, என் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு உள்ளே வருவார்.

"என்னைக்காவது நீ லீவு போட்டுடாத தாயி, ஆராய்ச்சியே நின்னுரும்," என்பார்.

நடைபாதையில், பெட்டியிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். அலுவலகக் கைப்பேசியோடு அந்தக் கோட்டில் நின்று, நான் பெட்டியின் வைஃபைக்குள் நுழைய முயல வேண்டும். பிறகு ஒரு படிவம். 'அனுமதியற்ற நபரின் தினசரி அறிக்கை. இன்று என்னால் நுழைய முடிந்தது / முடியவில்லை.' பொருந்தாததைக் கோடு போட்டு அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். நான் தினமும் 'முடிந்தது' என்பதை அடித்தேன். பாதுகாப்புத் தலைவர் அதை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகக் கோப்பில் வைப்பார். இடுப்பில் எப்போதும் முப்பது சாவிகள் தொங்குவதால் பொறியாளர் அவருக்குப் பூட்டு சார் என்று பெயர் வைத்திருந்தார். நானும் மனதுக்குள் அப்படியே கூப்பிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை நர்ஸக்கா வந்தார்.

தீவொன்றின் சிறிய மருத்துவமனையில் அவர் மட்டும்தான் நர்ஸ். டாக்டர் கரையில், நூறு மைலுக்கு அப்பால். மருத்துவமனைப் படுக்கை விரிப்பு ஒன்றில் பெட்டியைச் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, படகிலிருந்து நேராக வந்திருந்தார். வைஃபை கேட்டு இரண்டு வருடங்களுக்கு முன் அவர் எழுதிய விண்ணப்பத்துக்கு இப்போதுதான் பதில் போயிருந்தது. பெட்டியை நேரில் கொண்டுவரவும், மூன்று நாள் வேலை என்று.

"எங்க பெட்டி மாடியில இருக்கும்மா," என்று நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார். "பிரசவ அறை கீழ. வயரு மூணு மீட்டர். டாக்டர் மாடியில கம்ப்யூட்டர்ல இருப்பாரு, வலியெடுத்தவ கீழ இருப்பா. நான் நடுவுல ஏறி இறங்கிட்டு இருப்பேன். போன தடவை இருபத்திரண்டு தடவை ஏறி இறங்கினேன். 'நாடி எவ்வளவு?'ன்னு கேப்பாரு, ஓடிப்போய்ப் பாத்துட்டு வந்து சொல்றதுக்குள்ள அது மாறியிருக்கும்."

நான் தலையாட்டினேன்.

"இந்தத் தடவை என் தங்கச்சி. குழந்தைக்குத் தலை திரும்பல. படகுல ஏத்தக் கூடாதுன்னுட்டாரு. ஆனா 'போனை அவ பக்கத்துல வெச்சுக்க, நான் பாத்துக்கிட்டே சொல்லச் சொல்ல நீ செஞ்சா ரெண்டு உசுரையும் காப்பாத்திரலாம்'னு சொல்லியிருக்காரு. எல்லாம் இந்தப் பெட்டியிலதான் இருக்கு."

வாரத்துக்கு ஒரே படகு, வியாழக்கிழமை மூன்று மணிக்கு. இன்னும் மூன்று படகுகள்தான். அதற்குப் பிறகு காற்றுக்காலம், ஒரு மாதத்துக்குக் கடலில் எதுவும் போகாது. பிரசவம் அந்த மாதத்தில்தான்.

"மூணு நாள்தானே, பொறந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்துட்டுப் போறேன்," என்று சிரித்தார்.

பொறியாளர் அரை நாளில் வேலையை முடித்துவிட்டார். விரலளவு அட்டை ஒன்று, நான்கு திருகாணி. நர்ஸக்காவின் கைப்பேசியில் டாக்டரின் முகம் வந்தது. நர்ஸக்கா பெட்டியை விரிப்பில் சுற்றப் போனார்.

"இருங்க இருங்க," என்றார் பூட்டு சார். "இப்பத்தான் ஆரம்பமே."

முதல் வேலையாகப் பெட்டியின் கணினி வயர்ச் செருகியில் கெட்டிப் பசையை ஊற்றினார். வயரில்லாப் பெட்டி என்று பெயர் வைத்துவிட்டு வயருக்கு ஓட்டை வைத்திருப்பது, கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பதற்குச் சமம் என்றார். பசை கல்லாக இறுகியது. நர்ஸக்காவுக்கு அதனால் வருத்தமில்லை. இனிமேல் அவருக்கு வயர் எதற்கு?

மறுநாள் நான் கோட்டில் நின்றேன். கைப்பேசித் திரையில் வைஃபையின் பெயர் தெரிந்தது. நுழைய முடியவில்லை, பெயர்தான் தெரிகிறது என்று படிவத்தின் ஓரத்தில் எழுதிவிட்டேன். எழுதியிருக்கக் கூடாது.

"பேர் தெரியுதா?" பூட்டு சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஒரு வீட்டுல ஆள் இருக்குன்னு தெரிஞ்சாலே திருடன் வந்துடுவான். பன்னிரண்டு அடிக்குத் தெரியுதுன்னா சக்தி ஜாஸ்தி. குறைங்க."

குறைத்தார்கள். ஆறடியில் தெரிந்தது. மேலும் குறைத்தார்கள். ஓரடியில் தெரிந்தது. புதன்கிழமைக்குள் கைப்பேசியைப் பெட்டியின் தலைமேல் வைத்தால் மட்டும் வேலை செய்கிற நிலைக்கு வந்துவிட்டது. பூட்டு சார் அதை ஒரு சாதனையாகக் குறிப்பெழுதினார்.

"சார், எங்க வயரே மூணு மீட்டர் இருந்துச்சே," என்றார் நர்ஸக்கா.

"அது வயரும்மா. இது வயரில்லாதது. ரெண்டையும் ஒப்பிடக் கூடாது."

முதல் படகு போய்விட்டது.

இரண்டாவது வாரம் பெட்டியை இன்னொரு சோதனை அறைக்குக் கொண்டுபோனார்கள். அதன் சுவர், கூரை, கதவு எல்லாவற்றிலும் செப்புத் தகடு அடித்திருந்தது. எந்த அலையும் வெளியே போகாது. கதவை மூடியதும் வைஃபை வெளியே துளிகூடக் கசியவில்லை. நான் கோட்டில் நின்று 'முடியவில்லை' என்று எழுதினேன். எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

ஆனால் பெட்டிக்குச் செயற்கைக்கோள் கிடைக்கவில்லை.

"சார், கதவ மூடிட்டா அது எப்படி சார் உள்ள வரும்?" என்றார் பொறியாளர்.

"மத்தவங்க எல்லாம் வரலையா? முறையா அனுமதி வாங்கிட்டு வரட்டும்."

சோதனைக்கு வந்தவர்களின் வருகைப் பதிவேட்டில் செயற்கைக்கோளுக்கும் ஒரு வரி உண்டு. அதற்கு நேரே 'வரவில்லை' என்று எழுதினார்கள். அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாளும் வராததால், தொடர்ந்து மூன்று நாள் தகவலின்றி வராதவர்களுக்கு அனுப்பும் வழக்கமான கடிதம் தயாரானது. யார் முகவரிக்கு அனுப்புவது என்பதில் மட்டும் குழப்பம். இயக்குநர் கோப்பில், 'பூமியிலிருந்து உள்ள உயரத்தைக் குறிப்பிட்டால் போதும்' என்று எழுதினார்.

நர்ஸக்கா பெஞ்சிலேயே இருந்தார். ஊரில் தூரத்து உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தார். காலையில் எங்களுக்கு முன்னால் வாசலுக்கு வந்துவிடுவார், எங்களோடு உள்ளே வந்து எங்களோடே வெளியே போவார். தங்கையிடமிருந்து சேதி எதுவும் வர வழியில்லை. சேதி வருகிற பெட்டிதான் இங்கே இருந்ததே. தூங்குகிறாரோ என்று நினைக்கிற நேரத்தில் கண்ணைத் திறந்து, "இன்னைக்கு என்ன கிழமைம்மா?" என்பார். தெரிந்துகொண்டே கேட்பார்.

இரண்டாவது படகும் போனது.

அடுத்த திங்கட்கிழமை பொறியாளர் இயக்குநரிடம் போய்க் கெஞ்சியதில், பெட்டியைச் செப்பு அறையிலிருந்து எடுத்து, சக்தியைப் பழைய பன்னிரண்டு அடிக்கே வைத்துவிட்டு, கடவுச்சொல்லைப் பலப்படுத்தினால் போதும் என்று முடிவானது. வியாழன் காலை பத்து மணிக்கு முற்றத்தில் சான்றளிப்பு விழா. அது இந்த நிறுவனத்தின் முதல் வயரில்லாப் பெட்டி என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒன்பது வருடங்களாக வேறு எதுவும் வெளியே போகவில்லை.

புதிய கடவுச்சொல்லைப் பூட்டு சாரே உருவாக்கினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு தட்டச்சுப் பலகையில் இருபத்து நான்கு முறை குத்தினார். வந்ததை ஒரு சீட்டில் அச்செடுத்தார். பெட்டிக்குள் ஏற்றப் போனபோதுதான் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. அறையில் நானும் அவரும் மட்டும்.

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"எழுத்துக் கூட்டிப் படிப்பேன் சார்."

"சரி, படி. ஆனா மனசுல வாங்கிக்காத."

நான் படித்தேன், அவர் தடவித் தடவி அடித்தார். உறுதி செய்ய இன்னொரு முறை கேட்டது. இன்னொரு முறை படித்தேன். பிறகு விதிப்படி சீட்டை அழிக்க வேண்டும். காகிதம் கிழிக்கும் இயந்திரத்துக்கு அனுமதி வர இரண்டு நாளாகும் என்பதால் சீட்டை வாயில் போட்டு மென்று, தண்ணீர் குடித்து விழுங்கினார்.

"இப்ப யாருக்கும் தெரியாது," என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். "எனக்கே தெரியாது. இதான் பாதுகாப்பு."

பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டு எதையும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தவள் நான். அந்தப் பழக்கம் போகவில்லை. வாயில் வராததை வீட்டுக்குப் போய் நோட்டில் எழுதிவைப்பேன். அது யாருக்கும் தெரியாது. அன்றைய பக்கத்தில் அந்த இருபத்து நான்கையும் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை நான் கோட்டில் நின்றேன். இருபத்து நான்கும் மனதில் இருந்தன. முடியும். ஆனால் 'முடிந்தது' என்று எழுதினால் பெட்டி திரும்பவும் முதல் அறையிலிருந்து தொடங்கும். நர்ஸக்கா பெஞ்சிலிருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். 'முடிந்தது' என்பதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

புதன்கிழமை, அனுமதி உள்ளவர்களின் சோதனை. இயக்குநரும் பூட்டு சாரும் குழு உறுப்பினர் மூவரும் வரிசையாக நின்று முயன்றார்கள். ஒருவராலும் நுழைய முடியவில்லை.

பிறகு பூட்டு சாரின் முகம் விரிந்தது.

"சார், அனுமதி இருக்கிற நம்மாலயே முடியலன்னா, அனுமதி இல்லாதவனால எப்படி சார் முடியும்?"

இயக்குநர் அவரைக் கட்டிக்கொண்டார்.

நர்ஸக்கா பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். "அப்ப எனக்கு பாஸ்வேர்டு யாரு சார் சொல்லுவாங்க?"

"உங்களுக்கு எதுக்கு?"

"நான்தானே சார் அதை உபயோகிக்கணும்?"

பூட்டு சார் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "அம்மா, இதுவரைக்கும் உலகத்துல நடந்த அத்தனை மீறலையும் ஆராய்ஞ்சு பாத்துட்டோம். நூத்துக்கு நூறு, உபயோகிச்சவங்களாலதான் நடந்திருக்கு."

வியாழக்கிழமை காலை, கை கழுவும் இடத்தில் நர்ஸக்காவைப் பார்த்தேன். நோட்டிலிருந்து கிழித்த பக்கத்தை நீட்டினேன். பிரித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இதுவா?"

தலையாட்டினேன். இந்தத் தடவை அது ஆமாம்தான். அவர் என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

முற்றத்தில் ஐம்பது நாற்காலிகள். விருந்தினர்களுக்கு முன்னால் பச்சை விளக்கு பளிச்சென்று எரிய வேண்டும் என்பதற்காக, அன்றைக்கு மட்டும் பெட்டியின் சக்தியை முழுதாக ஏற்றி வைக்க இயக்குநரே உத்தரவிட்டிருந்தார். பேச்சு தொடங்கியது.

"ஒன்பது ஆண்டுக்கால உழைப்பு," என்றார் இயக்குநர். "பலர் கேட்கிறார்கள், இத்தனை ஆண்டுகளில் என்ன செய்தீர்கள் என்று. நான் பெருமையோடு சொல்கிறேன். இத்தனை ஆண்டுகளில் எங்கள் வயரில்லாப் பெட்டிகளை ஒருவர்கூடத் தவறாகப் பயன்படுத்தியதில்லை. சரியாகவும் பயன்படுத்தியதில்லை. ஒருவரையும் பயன்படுத்த நாங்கள் விட்டதில்லை!"

கைதட்டல் ஓய்ந்த இடைவெளியில் ஒரு குரல் கேட்டது.

"டாக்டர், கேக்குதா? தெரியறேனா?"

நர்ஸக்கா எழுந்து நின்றிருந்தார். கையில் அவருடைய கைப்பேசி. அதில் ஓர் ஆணின் முகம். பெட்டிக்கு முதுகைக் காட்டி நடக்க ஆரம்பித்தார். தீவில் மாடியிலிருந்து பிரசவக் கட்டில் வரை உள்ள அடிகளை எண்ணிக்கொண்டே நடந்தார்.

"பதினேழு, பதினெட்டு. இப்பப் படி இறங்கிட்டேன் டாக்டர். இருபத்தஞ்சு. இப்ப செவுத்துக்கு அந்தப்பக்கம் வந்துட்டேன். முப்பத்தொண்ணு. இங்கதான் கட்டில்."

"நல்லாத் தெரியுதும்மா," என்றது கைப்பேசி, சுவருக்கு அப்பாலிருந்து. "கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க. ஆங், அவ்வளவுதான். இப்படியே இருந்தாப் போதும். கவலைய விடுங்க, பாத்துக்கலாம்."

பொறியாளர் கைதட்டினார். அவர் ஒருவர் மட்டும். பிறகு அவரும் நிறுத்திக்கொண்டார்.

"உள்ள போயிட்டாங்க," என்றார் பூட்டு சார், வீட்டில் சாவு விழுந்த குரலில். "சார், உள்ள போயிட்டாங்க."

நர்ஸக்கா திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. சுற்றியிருந்த முகங்களைப் பார்க்கப் பார்க்க அது மெல்ல அவிந்தது.

"யாரு குடுத்தா பாஸ்வேர்டு?" என்றார் இயக்குநர்.

நான் அவரிடமிருந்து நாலடியில் நின்றேன். விடை தெரியும். எழுந்து நிற்கக்கூட வேண்டாம், நின்றுகொண்டுதான் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

நர்ஸக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் குடுக்கல. நானா அடிச்சுப் பாத்தேன், விழுந்துருச்சு."

"இருபத்து நாலு எழுத்தும்?"

"ஆமா."

"பாத்தீங்களா சார்?" பூட்டு சார் கிட்டத்தட்ட அழுதார். "உபயோகிக்கிறவங்க!"

அவசரக் கூட்டம் முற்றத்திலேயே நின்றபடி நடந்தது. நான்கு நிமிடங்களில் முடிந்துவிட்டது. நிறுவனத்தின் வரலாற்றிலேயே அவ்வளவு வேகமாக எதுவும் முடிவானதில்லையாம். பூட்டு சார் தம் கையாலேயே நான்கு திருகாணிகளையும் கழற்றி, அந்த விரலளவு அட்டையை எடுத்து உறையிலிட்டு அரக்கு வைத்தார்.

"சார், வயர்ச் செருகியில பசை ஊத்தியிருக்கோம்," என்றார் பொறியாளர். "அதுவும் இல்ல, இதுவும் இல்லன்னா எப்படி சார்? ஒரு மணி நேரம் குடுங்க. பழைய வயராவது வேலை செய்யற மாதிரி பண்ணிடறேன்."

"புதுச் செருகிக்கு ஸ்டோர்ல எழுதிப் போடுங்க. மூணு வாரத்துல வந்துடும்."

பொறியாளர் ஊசியால் பசையைக் குத்திப் பார்த்தார். பசை அசையவில்லை, ஊசி ஒடிந்தது.

இயக்குநர் மறுபடி ஒலிபெருக்கி முன் போய், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "சற்று முன் நீங்கள் கண்டது ஒரு குறை. அதை உங்கள் கண் முன்னாலேயே நீக்கிவிட்டோம். இப்போது இந்தப் பெட்டிக்குள் வயர் வழியாகவும் நுழைய முடியாது, வயர் இல்லாமலும் நுழைய முடியாது. இதைவிடப் பாதுகாப்பான பெட்டி இதுவரை உருவானதில்லை!"

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சான்றிதழைச் சட்டமிட்டுக் கொடுத்தார்கள். நர்ஸக்கா ஒரு கையில் அதையும் மறு கையில் பெட்டியையும் வாங்கிக்கொண்டு நின்றார்.

"அப்ப இது எதுக்கு சார்?" என்றார்.

"பாதுகாப்புக்கு," என்றார் இயக்குநர், படத்துக்குச் சிரித்தபடி.

நர்ஸக்கா அங்கே கடைசியாகக் கேட்டது அந்தக் கேள்விதான்.

பூட்டு சார் என்னிடம் படிவத்தை நீட்டினார். "விழா நாள்னாலும் பழக்கத்த விடக் கூடாது."

நடைபாதைக்குப் போய்க் கோட்டில் நின்றேன். திரையில் எந்தப் பெயரும் இல்லை. அந்த வாரத்தில் நான் எழுதிய முதல் உண்மையான அறிக்கை அது. கையெழுத்துப் போடும்போது காலடிச் சத்தம் கேட்டது. நர்ஸக்கா வந்துகொண்டிருந்தார். பெட்டி படுக்கை விரிப்பில் சுற்றியபடி இடுப்பில் இருந்தது. சான்றிதழைப் பெஞ்சின் மேல், தாம் இத்தனை நாள் உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்தார். சுவர்க் கடிகாரம் இரண்டைக் காட்டியது.

வெளிக்கதவில் தம் பார்வையாளர் அட்டையை வைத்தார். அது மூன்று நாளைக்கானது, எப்போதோ காலாவதியாகியிருந்தது. கதவு சிவப்பு விளக்கைக் காட்டியது. இரண்டாம் தடவையும் சிவப்பு.

நான் ஓடிப்போய் என் அட்டையை வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. அவர் பெட்டியை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டார். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். கோபமா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை. 'அக்கா' என்று கூப்பிட வாயெடுத்தேன். வரவில்லை.

அவர் கடைசிப் படகைப் பிடிக்க வெளியே போனார்.